படம் அக்காவுக்கு விலை வைத்த கதை

கழிவுநீர் வாரியத் தலைமை அலுவலகத்தின் நான்காவது மாடியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. எல்லோருக்கும் அவர் படம் அக்கா. அவரைவிட ஆறு வயது மூத்த தலைமைப் பொறியாளர்கூட அக்கா என்றுதான் அழைத்தார்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன் அந்த மாடிக்கு முதல் கணினி வந்தபோது, உருப்படியாக மின்சாரம் வந்த ஒரே பிளக் ஜன்னலோர மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த மேஜையில் தபால் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தவர் அக்கா. கணினி அவர் மேஜைக்கு வந்தது. கணினி இருக்கிறதே என்று, கூட்டங்களுக்கு ஸ்லைடு தயாரிக்கும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. ஸ்லைடு என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். "நாளைக்கு மீட்டிங், எட்டு படம் போதும் அக்கா" என்பார்கள்.

அக்கா கையில் வேலை சுத்தம். குழாய், தொட்டி, மேன்ஹோல் என்று எதையும் மூன்று சொடுக்கில் வரைந்துவிடுவார். முன்பிருந்த ஒரு தலைவருக்குப் பழுப்பு நிறம் பிடிக்காது என்பதால் அந்த வாரியத்தில் பதினோரு வருடங்களாகக் கழிவுநீர் ஊதா நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தலைவர் போன பிறகும் அதை மாற்றச் சொல்லி யாரும் கடிதம் எழுதவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, படங்களின் அடியில் சாம்பல் நிறப் பட்டை ஒன்று வந்து குந்திக்கொண்டது. "உங்கள் உரிமம் காலாவதியாகிவிட்டது." காசு கட்டி வாங்கிய மென்பொருள், அதைப் புதுப்பிக்க மறந்திருந்தார்கள். அக்கா மேலே எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. பட்டை மறைக்கிற இடத்தை விட்டுவிட்டு, மேலே மிச்சமிருந்த இடத்தில் எல்லாவற்றையும் நெருக்கி வைத்துப் பழகிக்கொண்டார். நான்கு மாதங்கள் அப்படியே ஓடின. வெளியிலிருந்து பார்வையிட வந்த குழு ஒன்று, அந்த வாசகத்தை வாரியத்தின் கொள்கை முழக்கம் என்று நினைத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனது.

அதன் பிறகுதான் புது துணை இயக்குநர் வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே கேட்டார்.

"இதே வேலைய இலவசமா செய்யற சாஃப்ட்வேர் இருக்கே. அதப் போட்டா என்ன?"

கணக்குப் பிரிவு மேடத்துக்கு அது பிடிக்கவில்லை. "சும்மா குடுக்கறவன் எதுக்குக் குடுக்கறான்? மொதல்ல அதச் சொல்லுங்க சார்."

"பாதிப் பேர் நல்ல மனசுலதான் குடுக்கறாங்க மேடம்."

"நல்ல மனசுக்கு ரசீது கெடைக்குமா?"

இந்தக் கேள்விக்கு விடை காண ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். தலைமைப் பொறியாளர் தலைவர். இரண்டு மென்பொருளையும் தொட்டுப் பார்த்திருந்த ஒரே ஆள் அக்கா. அவர் குழுவில் இல்லை. அவர் பதவிக்குக் குழுவில் இடமில்லையாம். ஆனால் கூட்டத்தில் பொத்தான் அமுக்க அவர் இருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில், இரண்டையும் ஒப்பிட்டுப் படங்கள் தயாரிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. எந்த மென்பொருளில் தயாரிப்பது? காசு மென்பொருளில் செய்தால் அது தன் பக்கம் சாயும் என்றார் புது சார். இலவசத்தில் செய்தால் மட்டும் சாயாதா என்றார் மேடம். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பேசினார்கள். கடைசியில் தலைமைப் பொறியாளர் இரண்டு தடவை இருமிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். காசு மென்பொருளின் பெருமைகளை இலவசத்தில் செய்வது. இலவசத்தின் பெருமைகளைக் காசு மென்பொருளில் செய்வது. எதுவும் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ள முடியாது.

அக்கா நாற்பத்திரண்டு படங்கள் செய்தார். காசு மென்பொருளில் செய்ததில் இலவசத்தின் பெருமைகளைச் சாம்பல் பட்டை மறைத்தது. இலவசத்தில் செய்ததில் எழுத்துகள் பாதிக்குப் பாதி வெறும் கட்டங்களாக வந்து நின்றன. அம்புக்குறிகள் தம் இஷ்டத்துக்குத் திரும்பிக்கொண்டன. ஒரு படத்தில் நகரத்துக் கழிவுநீர் முழுவதும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பி வீடுகளை நோக்கிப் போயிற்று.

அதற்குள் இன்னொரு முட்டுக்கட்டை. எதை வாங்குவதானாலும் மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும். இலவசத்துக்கு விலைப்புள்ளி யார் கொடுப்பார்? ஸ்டோர் கீப்பர் கொள்முதல் படிவத்தைத் திறந்து விலை என்ற இடத்தில் பூஜ்ஜியம் போட்டார். "விலை பூஜ்ஜியத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும்" என்று சிவப்பில் வந்தது. இரண்டு பூஜ்ஜியம் போட்டுப் பார்த்தார். ஏற்கவில்லை.

"அவங்களுக்கே ஒரு லெட்டர் போடுங்க அக்கா. ஏதாவது ஒரு வெல சொல்லச் சொல்லுங்க. நம்ம திருப்திக்கு" என்றார் தலைமைப் பொறியாளர்.

அக்கா எழுதினார். இரண்டே நாளில் பதில் வந்தது. எங்கோ கடல் தாண்டி இருக்கும் ஒரு பல் மருத்துவர், நோயாளி இல்லாத நேரத்தில் அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்கிறாராம். விலை கிடையாது என்றும், உங்கள் மொழியின் எழுத்து கட்டமாகத் தெரிவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். குழு விடவில்லை. உலகத்திலேயே சின்ன நாணயம் ஒன்றையாவது விலையாகச் சொல்லும்படி மறுபடி எழுதவைத்தது. "மன்னிக்கவும் அம்மா, எனக்கு விற்கத் தெரியாது" என்று பதில் வந்தது.

அக்கா அதை வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் மெக்கானிக்.

"ஏறுதா எறங்குதான்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதானே. இதுக்கு ஏழு பேரா?"

"ஏழு பேரும் லிஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டு, லிஃப்ட் வேணுமா வேணாமான்னு பேசறாங்க" என்றார் அக்கா.

இறுதிக் கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பெரிய அரங்கில் நடந்தது. படம் தெரிய வேண்டுமே என்று ஜன்னல் திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தார்கள். அக்கா முதல் படத்தைப் போட்டார். அதே நேரம் கீழே வாசலில் குழாய் தோண்டிக்கொண்டிருந்த வாரியத்தின் சொந்த ஆட்களே வாரியத்துக்கு வரும் மின்கம்பியை வெட்டிவிட்டார்கள். அரங்கம் இருண்டது. சுவரில் ஒன்றும் இல்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை. தலைமைப் பொறியாளர் இருமினார். பத்தொன்பது வருடப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அடுத்த படம்."

அக்காவுக்கு என்ன தோன்றியதோ, கை தானாகப் பொத்தானை அமுக்கியது; வாயும் திறந்தது.

"வந்துடுச்சு சார். மேல நீலத்துல தலைப்பு. அடியில ரெண்டு பெட்டி. இடது பெட்டி காசு, வலது பெட்டி இலவசம்."

"கொஞ்சம் பெருசு பண்ணுங்க அக்கா, பின்னாடி தெரியல" என்றது ஒரு குரல்.

அக்கா சத்தத்தை உயர்த்தினார்.

"ஆங், இப்ப தெரியுது."

"அந்த நீலம் கண்ண அடிக்குது" என்றார் மேடம்.

"வெளிர்நீலம் ஆக்கிட்டேன் மேடம்."

"பரவால்ல. அம்புக்குறி எந்தப் பக்கம் போகுது?"

அக்கா இருட்டில் கையை நீட்டிக் காட்டினார். நாற்பத்திரண்டு படங்களும் மனப்பாடம். முந்தைய படத்துக்குப் போகச் சொன்னபோது போனார். வட்ட விளக்கப்படத்தை மூன்று துண்டாக வெட்டிச் சொன்னார். ஒரு கட்ட எழுத்து இல்லை, சாம்பல் பட்டை இல்லை. முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கைதட்டினார்கள்.

தலைமைப் பொறியாளர் அன்றே நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்: பரிசீலித்த மூன்று முறைகளில் மூன்றாவது மிகவும் திருப்திகரம்.

புது சார் பதறினார். "சார், அது சாஃப்ட்வேர் இல்ல. அவங்க ஒரு ஆளு."

"எல்லா ரூம்லயும் ஓடுதா இல்லையா? கரண்ட் இல்லாம ஓடுதா இல்லையா? அப்புறம் என்ன?"

கொள்முதல் படிவத்தில் அக்காவின் மாதச் சம்பளத்தைப் போட்டுப் பார்த்தார் ஸ்டோர் கீப்பர். பூஜ்ஜியத்தைவிட அதிகம். படிவம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. மூன்று விலைப்புள்ளிகளுக்கு மூன்று மாதச் சம்பளச் சீட்டை இணைத்தார். மறுநாள் கையில் சொத்து எண் அச்சிட்ட ஸ்டிக்கரோடு வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காதீங்க அக்கா. ரூல் அப்படி. எங்கயாவது ஒட்டியாகணும்."

நாற்காலியில் ஒட்டினால் நாற்காலிதான் மென்பொருள் என்று ஆகிவிடும். கடைசியில் அக்காவின் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டினார்கள்.

அன்று மாலை கணவர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்:

"பத்தொம்பது வருஷத்துல நான் பேசி அவங்க எல்லாரும் கேட்டது நேத்துதான்."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பக்கத்தில் வந்து நின்று ஒரு துணியை எடுத்துப் பாத்திரம் துடைக்க ஆரம்பித்தார். "நல்லாப் பேசினியா?"

"ஒரு எடத்துலகூடத் தெணறல."

அதிலிருந்து எந்தக் கூட்டமானாலும் அக்கா சுவர் ஓரமாக நின்று படம் சொன்னார். வெளிச்சம் இருந்தாலும் விளக்கை அணைத்துவிடுவார்கள். இரண்டாவது மாதத்தில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது. திரையில் இருந்தால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. இப்போது திரை அவர்தான்.

மழைக்கால ஆயத்தக் கூட்டத்தில் பதினான்காம் படத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார்.

"அடியில சின்ன எழுத்துல ஒரு குறிப்பு இருக்கு சார். பள்ளத்தெருவுல மூணு மழையா வீட்டுக்குள்ள சாக்கடை எதுத்து ஏறுது. எழுவத்தெட்டு மனு வந்திருக்கு. ஒண்ணுக்கும் பதில் போடல."

அந்த மனுக்கள் எழுபத்தெட்டும் அவர் பழைய தபால் மேஜையின் அடி இழுப்பறையில் இருந்தன. மேலே அனுப்ப அனுப்பத் திரும்பி வந்தவை.

தலைமைப் பொறியாளர் இருமினார். "படத்துலயே இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்ப செஞ்சுடுங்க."

மேடம் மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "காலைல எனக்குச் சொல்லிக் காமிச்சப்ப இந்தக் குறிப்பு இல்லையே?"

"அப்டேட் ஆகியிருக்கு மேடம்."

பள்ளத்தெருவில் புதுக் குழாய் இறங்கியது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் சின்ன எழுத்தில் ஒன்று இருந்தது. மூடியில்லாத மேன்ஹோல், கையுறை இல்லாத துப்புரவுத் தொழிலாளர்கள், கீழ்த்தளப் புகார்ப் பிரிவில் இரண்டு வருடமாகக் காலியாகக் கிடக்கும் நாற்காலி. எல்லாம் கையெழுத்தாயிற்று.

ஆறு மாதம் உரக்கப் படம் சொன்னதில் அக்காவுக்குத் தொண்டை கட்டியது. இரண்டு வாரம் பேசவே கூடாது என்றார் மருத்துவர். ஸ்டோர் கீப்பர் பதிவேட்டில் "பழுது" என்று எழுதினார். படம் இல்லாததால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் பொறியாளர்கள் போக்கிடம் இல்லாமல் வேலை நடக்கும் இடங்களுக்கே போனார்கள். அந்த இரண்டு வாரத்தில் முடிந்த வேலை அதற்கு முந்தைய அரையாண்டில் முடியவில்லை. இதை யாரும் எந்தக் குறிப்பிலும் எழுதவில்லை.

ஆனால் படம் நின்றுபோனதில் பயந்துபோனார்கள். காசு மென்பொருளை முதல் மாடிக்கும் இலவசத்தை நான்காவது மாடிக்கும் என்று இரண்டையும் போட்டுவிட்டார்கள். பல் மருத்துவர் எழுத்தைச் சரிசெய்து அனுப்பியிருந்தார். கட்டங்கள் போய்விட்டன. இலவசத்தைப் பதிவேட்டில் எப்படிப் பதிவது என்று மட்டும் கடைசிவரை தெரியவில்லை, பதியாமலே ஓட்டினார்கள்.

இனி அக்காவைப் பதிவேட்டிலிருந்து கழிக்க வேண்டும். "பயன்படுத்தத் தகுதியற்றது" என்று அச்சிட்ட தாளை ஸ்டோர் கீப்பர் கூச்சத்தோடு நீட்டினார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார் அக்கா. குரல் இன்னும் கரகரத்தது. "வேற வழி இருக்கா?"

"கழிக்கலாம். இல்லாட்டி எடம் மாத்தலாம். அவ்வளவுதான் ரூல்ல இருக்கு."

"அப்ப எடம் மாத்துங்க. கீழ, புகார்ப் பிரிவுக்கு."

இரண்டு மர நாற்காலி, ஒரு மேஜை விசிறி இவற்றோடு ஒரே சீட்டில் அக்காவும் கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டார். நான்காவது மாடியில் சம்பளப் பட்டியலில் மட்டுமே பெயர் இருந்தவர், இங்கே பிரிவுக்கே பொறுப்பாளர் ஆனார். வேறு யாரும் அந்தப் பிரிவில் இல்லை.

முதல் நாள் காலையில் ஒரு தையல்காரர் வந்தார். தன் கடைக்குப் பின்னால் இருக்கும் சாக்கடைக் குழாய் தினமும் பத்து மணிக்குப் பாடுகிறது என்றார். அதை ஐந்து அலுவலகங்களில் சொல்லியும் எல்லோரும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம்.

"உக்காருங்கண்ணா" என்றார் அக்கா. "எந்த மாதிரி பாடுது? இழுத்தா, விட்டு விட்டா?"

தையல்காரர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாடிக் காட்டினார். அக்கா கடைசிவரை கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தார்; ஒன்பதே முக்கால். குடையை எடுத்துக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

பத்து மணிக்குக் குழாய் பாடத்தான் செய்தது. தையல்காரர் பாடியதைவிடக் கொஞ்சம் சுருதி சுத்தமாக இருந்தது.