சம்பளத்தில் சேர்ந்த விருந்துக் காசு

மனைவியின் பித்தப்பை அறுவை சிகிச்சைக்கு வைத்த பாக்கிக்காக ஆஸ்பத்திரி கோர்ட்டுக்குப் போனதிலிருந்து, மர அறுவை ஆலையில் வெர்லின் வாங்கும் சம்பளத்தில் கால்பங்கு அவன் கைக்கு வருமுன்பே ஆஸ்பத்திரிக்குப் பிடித்தமாகிவிடும். போதாக்குறைக்கு அவனுடைய டிரக்கின் கியர்பாக்ஸும் போயிற்று. இத்தனை நாளும் தன் வண்டியில் அழைத்து வந்த டூயி திங்கள் முதல் இரவு ஷிப்டுக்கு மாறுகிறான். அதனால் ஆலைக்காரர்கள் தேவாலயக் கூடத்தில் தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி விருந்து போட்டு, டூயி கொடுத்த வேட்டைத் துப்பாக்கியைக் குலுக்கலில் விட்டு, கியர்பாக்ஸுக்குச் சரியாகப் பணம் சேர்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டைப் பார்த்த வெர்லின், அந்தப் பணத்தை வாங்கி வைத்திருந்த, ஆலையில் கணக்கெழுதும் நோர்மாவிடம் ஓடினான்.

"அக்கா, விருந்துக் காசு குறையுதே?"

"சம்பளத்தோட சேர்த்துப் போட்டேன் தம்பி. ரொக்கமாக் குடுத்தா எவனாவது ஏதாவது பேசுவான்னுதான்..." சட்டென்று அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, அதுலயும் கால்வாசி போயிருச்சா?"

"திருப்பி வாங்க முடியாதா?"

"ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சேப்பா. கேட்டா, பாக்கி குறைஞ்சதுக்கு சந்தோஷப்படுங்கம்பாங்க."

"அப்போ ஊரே கூடி ஆஸ்பத்திரிக்கு விருந்து வச்சிருக்கோம்!"

கத்திவிட்டு வெளியே வந்தான். நோர்மா அழுவது ஜன்னல் வழியே தெரிந்தது. டூயி வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தான்.

"என்னடா, என் துப்பாக்கி கியர்பாக்ஸ் ஆயிருச்சா? திங்கக்கிழமை வண்டி ஓடுமில்ல?"

"முக்கால்வாசி ஓடும்," என்று சொல்லி, வெர்லின் கதவை அறைந்து சாத்தினான்.