நடந்தே போவதற்கு ஒரு விண்ணப்பம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவிலிருந்து வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெரியவர்கள் எல்லோருக்கும் விமான நிலையத்தில் வீல்சேர் உண்டு. தினமும் பூங்காவை ஆறு சுற்று சுற்றுகிறவர்களுக்கும் உண்டு. கேட்டால், கியூவே கிடையாது, ராஜா மாதிரி போகலாம் என்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் என் மகளும் போன தடவை என்னைக் கேட்காமலே டிக்கெட்டோடு ஒன்றைப் போட்டுவிட்டாள்.

உட்கார்ந்து போனேன். கியூ இல்லைதான். ஆனால் குடியேற்றக் கவுண்டரில் இருந்த அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, என்னைத் தள்ளி வந்தவரிடம், "அம்மா எங்க போறாங்க?" என்று கேட்டார்.

"பொண்ணு வூட்டுக்குப் போய்க்கினு கீறாங்க சார்" என்றார் அவரும்.

முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். என் தலைக்கு மேலே என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அங்கேயே எழுந்து நடந்திருப்பேன், புடவை சேரின் கால்பலகையில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்பியதும் 'நம்பகமான பயணி' திட்டத்துக்கு விண்ணப்பித்தேன். அரசாங்கம் ஒருமுறை நம்மை விசாரித்து, முகத்தையும் பத்து விரல் ரேகையையும் பதிந்துகொண்டால், அப்புறம் தானியங்கிக் கதவு வழியாக நாமே போய்க்கொள்ளலாம். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. படிவத்தை ஒரே மூச்சில் நானே முடித்தேன். எதற்கு இந்த வம்பு என்றாள் மகள். கிடைத்தால் வீல்சேர் கிடையாது, கிடைக்காவிட்டால் நீ சொல்கிறபடி உட்கார்ந்தே வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கிடைக்காமல் போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரேகை பதிய நாள் குறித்து மெயில் வந்தது. அதற்கு முந்தின நாள் தி.நகரில் அண்ணா பெண்ணுக்கு வளைகாப்பு.

"அத்தை, நீங்களும் இட்டுக்கோங்கோ" என்று மருதாணிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள் அவள்.

என் கணவர் போன இந்த நான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த மாமி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியட்டும் என்றே பத்து விரலையும் நீட்டினேன். நுனிகளில் தொப்பி தொப்பியாக வைத்துவிட்டாள் அண்ணா பெண். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் அந்தக் கருவியில் என் விரல் ஒன்றுகூடப் பதியவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தேன். மருதாணி போன பிறகு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னாள் கவுண்டரில் இருந்த பெண். பயணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. என்னையே நன்றாகத் திட்டிக்கொண்டேன். மருதாணியைத் திட்ட மட்டும் மனசு வரவில்லை.

விஷயம் தெரிந்ததும், வீல்சேர் போட்டுவிடட்டுமா என்று மகள் ஆரம்பித்தாள். இரண்டு வாரம் பொறு என்று வாயை அடைத்தேன். மருதாணி சீக்கிரம் போகட்டும் என்று, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடமிருந்து பாத்திரங்களைப் பிடுங்கி நானே தேய்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை. ஆனாலும் இரண்டாம் தடவை ஒன்பது விரல் உடனே விழுந்தது, இடது கட்டைவிரல் மட்டும் நாலு தடவை அழுத்தியபின் வழிக்கு வந்தது. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அனுமதி கிடைத்துவிட்டது.

கிளம்பின அன்று விமான நிலையத்தில் தானியங்கிக் கதவில் பாஸ்போர்ட்டை வைத்தேன், கேமராவைப் பார்த்தேன், கதவு திறந்தது. எனக்குப் பின்னால் யாராவது கைதட்டுவார்கள் என்றுகூட எதிர்பார்த்தேன்.

சிங்கப்பூரில் இறங்கியும் விறுவிறுவென்று நடந்தேன். பெட்டி வரத்தான் நேரமாயிற்று. தள்ளுவண்டியோடு வெளியே வந்தால், மகள் ஒரு காலி வீல்சேர் பக்கத்தில் நின்று அதைத் தள்ளி வந்தவரிடம் பதறிப் பதறி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கையிலிருந்த தாளில் என் பெயர். எனக்குத் தெரியாமல் இந்த ஊருக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறாள்! விமான வாசலில் காத்திருந்தவரை நான் கவனிக்காமலே கடந்து வந்திருக்கிறேன்.

நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிட்டே போனேன். என்னைப் பார்த்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"சேர் மட்டும் வந்துதும்மா. நீ வரல. உனக்கு என்னமோ ஆயிடுத்துன்னு நினைச்சேன்."

அத்தனை கோபமும் எங்கே போயிற்றோ. என் கௌரவத்தைப் பற்றி மூன்று மாதம் யோசித்தவள், இவளுடைய பயத்தைப் பற்றி ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். இனிமேல் கேட்காமல் போடமாட்டேன் என்றாள்.

"கேட்டாலும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஆனா கேளு" என்றேன்.