கொழும்பு பார்க்கப் போன குண்டான்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ராயபுரத்தில் எங்கள் சந்து முனையில் ஒரு ஜட்கா வந்து நின்றது. முதலில் ஒரு பித்தளைக் குண்டான் இறங்கியது. பிறகு ஒரு பாய்ச் சுருள், இரும்பு அடுப்பு, பாதி காலியான அரிசி மூட்டை... கடைசியாக முனுசாமியும் அவர் சம்சாரம் குப்பம்மாவும் இறங்கினார்கள்.

கொழும்பைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இவர்கள். இவ்வளவு சீக்கிரம் எப்படித் திரும்பினார்கள்?

எல்லா வாசல்களிலும் தலைகள் நீண்டன. யாரும் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. கேட்காமலேயே ஒருவரைக் குடைந்தெடுப்பதில் எங்கள் சந்துக்காரர்கள் கெட்டிக்காரர்கள்.

முனுசாமியைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதற்கு முன் எழுதியதில்லை. பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். புளியந்தோப்புச் சேரியில் பிறந்தவர். கலியாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்குப் பின்புறம் உள்ள வரிசை வீட்டில் குடித்தனம். குப்பம்மா துறைமுகத்துக்குப் பக்கத்துக் கிடங்கில் நிலக்கடலை புடைக்கிறார். அவருடைய அப்பா கப்பல்களுக்குக் கரிக்கூடை சுமந்தவர். பிறந்தது முதல் கப்பல்கள் புறப்பட்டுப் போவதைப் பார்த்தே வளர்ந்த பெண், ஒரு தடவைகூடக் கப்பலில் கால் வைத்ததில்லை. ஏறிப் போய் அக்கரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும், இதுதான் ஆசை. நகை, புடவை என்று எதுவும் கேட்டதில்லையாம்... இதை முனுசாமி சத்தியம் பண்ணிச் சொல்வார்.

இந்த வருஷம் ரயில்வே பாஸும் லீவும் ஒன்றாகக் கிடைத்தன. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து ஸ்டீமர், அப்புறம் கொழும்பு. விஷயம் அவ்வளவுதான்.

சந்து நம்பியதா?

எப்படி நம்பும்? எங்கள் பக்கத்தில் கடல் தாண்டித் தீவுக்குப் போகிறவனுக்கு ஏதாவது ஒரு காரணம் இருந்தாக வேண்டும். தோட்ட வேலைக்கு ஆள் பிடிக்கிற கங்காணி கூட்டிப் போவான். வண்ணாரப்பேட்டை சாயபுமார் வியாபாரத்துக்குப் போவார்கள். இல்லையா, யாரையாவது வெட்டியவனை சர்க்கார் செலவில் அந்தமானுக்கு அனுப்புவார்கள். சும்மா பார்த்துவிட்டு வருவதற்கு ஒருவன் போவானா?

எதிர்வீட்டு ரத்தினம் குழாயடியில் அடித்துச் சொன்னார். "எவனோ கங்காணி மயக்கிட்டான். இல்லாங்காட்டி பொண்டாட்டிய ஏன் இட்டுகினு போறான்? ரெண்டு பேரும் தேயில கிள்ளத்தான் போறாங்க."

மூலைக் கடை பாயின் சந்தேகம் வேறு தினுசு. "ஒர்க்‌ஷாப்ல எதுனா பேஜாரு ஆயிருக்கும். அதான் நைஸா நழுவுறான்."

எனக்கும் சந்தேகம் இருந்தது... முனுசாமி மேல் அல்ல, ஒரு புத்தகத்தின் மேல்.

அவர்கள் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் எங்கள் பத்திரிகை ஆசிரியர் ஒரு கப்பல் கம்பெனியின் வண்ணப் புத்தகத்தை என் மேஜையில் போட்டார். "உஷ்ணப் பிரதேசத் தீவுகளுக்கு ஜனங்கள் ஏன் உல்லாசப் பிரயாணம் போகிறார்கள் என்று உம்முடைய பாணியில் எழுதும்" என்றார். என்னுடைய பாணி சந்தேகப்படுவது. தெரிந்தேதான் கொடுத்தாரோ என்னவோ.

புத்தகம் காரணங்களை அடுக்கியிருந்தது. சீமையில் குளிர் தாங்காத மாதங்களில் தீவில் இதமான வெயில். நீலக் கடல். சாய்ந்த தென்னை. மலைக்கு ரயில். சுகமான ஹோட்டல். ஒரு படத்தில் தொப்பி போட்ட துரைசானி தென்னையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். தென்னை மரத்தைப் பார்த்து யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனிடம் இந்தக் கதையெல்லாம் பலிக்காது. கப்பல் கரி நிரப்பும்போது பார்த்திருக்கிறீர்களா? கறுப்புப் புழுதி மேகமாகக் கிளம்பும். மேல்தட்டு ஆசாமிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கரைக்கு ஓடி வருவார்கள். வந்த இடத்தில் பொழுது போக வேண்டுமே... உடனே ஒரு கோவில், ஒரு தோட்டம், ஒரு ஹோட்டல். கப்பலுக்குக் கரி தேவைப்படாமல் இருந்திருந்தால் பாதித் தீவுகளின் அழகு உலகத்துக்குத் தெரியாமலே போயிருக்கும். இதையே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் குண்டான் திரும்பி வந்தது.

சாமான்களை இறக்கி வைத்த கையோடு முனுசாமி என்னிடம் வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"என்ன முனுசாமி, கப்பல் ஓடவில்லையா?"

"கப்பல் ஓடிச்சு வாத்தியாரே. நாங்கதான் அதுல இல்ல."

ஸ்டீமர் ஏறுவதற்கு முன்னால் ஒரு முகாம் இருக்கிறதாம். காலராவும் அம்மையும் அக்கரைக்குப் போய்விடக்கூடாது என்று சோதிக்கிற இடம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே ரயிலில் முதல் வகுப்பில் வந்த துரையும் துரைசானியும் நாய்க்குட்டியோடு நேரே கப்பலுக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்பில் வந்தவர்கள் மட்டும் வேலிக்கு உள்ளே. காலராவுக்குக்கூட வகுப்பு பார்த்து ஏறத் தெரிந்திருக்கிறது.

"நாக்க நீட்டுன்னாங்க, நீட்டினோம். கையக் காட்டுன்னாங்க, காட்டினோம். அப்பால ஒரு குமாஸ்தா வந்து, எந்த எஸ்டேட்டுன்னு கேட்டாரு. எஸ்டேட்டு இல்ல சார், வேடிக்க பாக்கப் போறோம்னேன். அந்தாளு குண்டானப் பாத்தாரு. அடுப்பப் பாத்தாரு. அரிசி மூட்டயப் பாத்தாரு. சிரிச்சுட்டாரு வாத்தியாரே."

வேடிக்கை பார்க்கிறவனுக்கு அடுப்பு எதற்கு என்று கேட்டாராம் குமாஸ்தா.

நான் என்ன சொல்ல? வடசென்னைக்காரனுக்கு அடுப்பு இல்லாமல் வேடிக்கை ஏது? திருவொற்றியூர் உற்சவமானாலும் சரி, எண்ணூர் கழிமுகத்துக்கு ஒரு நாள் காற்று வாங்கப் போனாலும் சரி, வீட்டிலிருந்து முதலில் கிளம்புவது குண்டான்தான். மரத்தடியில் அடுப்பை மூட்டி, சுடச்சுட வடித்துக் கொட்டி, வயிறார உண்டுவிட்டு அதற்கப்புறம்தான் கடலைப் பார்ப்பார்கள். காலிக் கையோடு போய் நின்றால் அது வேடிக்கை பார்ப்பதில் சேர்த்தியே இல்லை. குப்பம்மா கொழும்புக்கும் அப்படித்தான் மூட்டை கட்டினார்.

அந்த மூட்டைதான் காட்டிக் கொடுத்துவிட்டது. துரையின் பெட்டிகளைச் சுமக்கக் கூலிகள் வரிசையாகப் போனார்களே... அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. குண்டானோடு வருகிறவன் குடியேற வருகிறான், காமிராவோடு வருகிறவன் பார்க்க வருகிறான். முகாமில் இதுதான் இலக்கணம்.

வேலையில்லாமல் ஏன் போகிறாய், யாரிடமிருந்து ஓடி வந்தாய், அங்கே போய்த் திருட்டுத்தனமாக வேலை தேடுவாயா? கேள்விகள் வளர்ந்தன. கடைசியில் குமாஸ்தா, முகாமில் தங்குங்கள், விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டார். விசாரணை முடியும்போது முனுசாமியின் லீவும் முடிந்திருக்கும். ஒர்க்‌ஷாப் கேட்டில் குறித்த நாளில் டோக்கன் எடுக்காதவனுக்கு அப்புறம் டோக்கனே கிடையாது. சோறு போடுகிற உத்தியோகம் போய்விடும்.

வேலிக்குள் இருந்த ஒரு கங்காணி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தானாம். மெதுவாக ஒட்டிக்கொண்டு வந்து, "பேசாமல் என் ஆட்கள் என்று பெயர் கொடுங்கள். சோறு, டிக்கெட் எல்லாம் என் பொறுப்பு. கப்பலில் ஏற்றிவிடுகிறேன், அங்கே போய் இஷ்டப்படி சுற்றுங்கள்" என்றிருக்கிறான்.

"நெசத்தச் சொல்றேன், எனக்கு சபலம் வந்துச்சு" என்றார் முனுசாமி. "இவ்ளோ தூரம் இட்டாந்துட்டோமே, ஒரு வாட்டியாவது ஏத்தி எறக்கிடலாமேன்னு. அவதான் கையப் புடிச்சு இஸ்துட்டா. பாக்கப் போறேன்னு சொல்லித்தான் ஏறுவேன், கூலின்னு சொல்லிகினு ஏற மாட்டேன்னுட்டா."

அப்புறம்?

"அப்பால இன்னா... அங்கயே அடுப்பப் பத்த வெச்சா. தென்ன மரம் கீது, கடல் கீது, மணல் கீது. சோறாக்கித் துண்ணோம். கப்பல் கெளம்பிப் போச்சு. அவ பாத்துகினே இருந்தா, அழுவல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்டுவது? குமாஸ்தா தனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் செய்தார். டாக்டர் நாக்கைப் பார்த்தார். கம்பெனி படம் போட்டது. ஒரு பெண் இத்தனை வருஷம் வளர்த்த ஆசையை வேலிக்கு இந்தப் பக்கமே நிறுத்துவதற்கு, தனியாக ஒரு கெட்டவன்கூடத் தேவைப்படவில்லை.

மறுநாள் குழாயடியில் ரத்தினம் தீர்ப்பே எழுதிவிட்டார். "அவங்க போவவே இல்லபா. எங்கயோ சொந்தக்காரன் வூட்ல குந்திகினு இருந்துட்டு வந்து கத வுடறாங்க." போவதற்கு முன் ஓடிப் போகிறான் என்று சந்தேகம். வந்த பிறகு போகவில்லை என்று சந்தேகம். முகாம் குமாஸ்தாவுக்கும் எங்கள் சந்துக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

மனசு கேட்காமல் அன்று சாயங்காலம் வண்ணப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். குப்பம்மா குண்டானைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இதோ பாரம்மா, பாஸ் அடுத்த வருஷமும் வரும். என்னிடம் ஒரு தோல் பெட்டி இருக்கிறது, தருகிறேன். துணிமணி மட்டும் எடுத்துக்கொள். அடுப்பு, குண்டான், அரிசி எல்லாம் இங்கேயே இருக்கட்டும். பார்க்கத்தான் வருகிறீர்கள் என்று நம்பிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு ஹோட்டல் இருக்கவே இருக்கிறது" என்று சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தார். வெள்ளை மேஜை விரிப்பு, பூ ஜாடி, தலைப்பாகை கட்டிய பரிசாரகர்கள்.

"நல்லாத்தான் கீது நைனா. எழும்பூர்லேந்து தனுஷ்கோடி வரிக்கும் ஒரு காபி கிளப்புலகூட எங்கள உள்ள வுடல. வெளிய நிக்க வெச்சுத்தான் ஊத்தினாங்க. இந்த ஓட்டல்ல எனக்கு எல போடுவானா? அத மட்டும் கேட்டுச் சொல்லு. அப்பால குண்டான வெச்சுட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினேன். மின்சார விசிறி உண்டு, வெந்நீர்க் குழாய் உண்டு, நாய்க்குட்டிக்குத் தனி அறைகூட உண்டு... குப்பம்மாவின் கேள்விக்குத்தான் பதில் இல்லை.