தம்பி வீட்டு விலாசம்

டென்மார்க்கின் பிராண்டே நகரில் காற்றாலைத் தொழிற்சாலையில் வேலைசெய்யும் ஜெயரூபன், அமெரிக்காவில் தம்பி வசிக்கும் நகரத்துப் பேஸ்பால் அணிக்காக உயிரையே விடுவார். ஆட்டங்களை வீட்டில் பார்க்க இணையச் சந்தா எடுத்தபோது, தம்பியின் விலாசத்தையே கொடுத்தார். கோயில் திருவிழா மாதிரி, ஊர்க்காரனுக்குத்தானே முதல் மரியாதை!

சனிக்கிழமை மாலை பொரித்த மீன் ரோல்ஸ் தட்டோடு உட்கார்ந்தார். 'உங்கள் பகுதியில் இந்த ஆட்டம் காட்டப்படாது' என்றது திரை. பதறிப்போய்த் தம்பியை வீடியோவில் அழைத்தார்.

"ஓம் அண்ணை, உள்ளூர்க்காரருக்கு இதில வராது, அந்த உரிமையைக் காசு கட்டிப் பாக்கிற உள்ளூர் சேனலுக்கு வித்திட்டினம். வெளியூருக்குத்தான்."

"என்னடா சொல்லுறாய்? மைதானத்துக்குப் பக்கத்தில இருக்கிற உனக்கே காட்டமாட்டினமோ?"

"டென்மார்க் எண்டு மாத்திப் பாருங்கோ."

மாற்றினார். பளிச்சென்று மைதானம் வந்தது.

"வந்திட்டுதோ அண்ணை? அப்ப போனை டிவிப் பக்கம் திருப்புங்கோ, நானும் பாக்கிறன்."