நாத்தனார் முடிச்சும் ஒரு கரண்டி ரசமும்

பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தை நீங்கள் என்றைக்காவது படித்திருக்கிறீர்களா?

நானும் படித்ததில்லை. ஐம்பத்து நாலு வயதில், போன மாதம்தான் முதல்முறையாகப் படித்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, டப்பாவை மூக்கருகே வைத்துக்கொண்டு... பொடி எழுத்தில் ‘மைதா’ என்று போட்டிருந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது இதுதான்.

என் மகள் நித்யாவுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறது. மாப்பிள்ளை வீடு செய்யாறு. மாப்பிள்ளைக்கு ஒரே தங்கை, பவித்ரா. அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை. அந்தப் பெண்ணுக்குக் கோதுமை ஆகாது. பிடிக்காது என்பதல்ல... ஆகவே ஆகாது. கோதுமை, மைதா, ரவை, சேமியா எல்லாவற்றிலும் இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் துளி உள்ளே போனாலும் குடல் கெட்டுவிடும். ஆயுசுக்கும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தியம்மா பெண் பார்க்க வந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் நான் லிஸ்ட் போடுவேன். நிச்சயதார்த்த மெனுவில் பூரி அவுட். ரவா கேசரி அவுட். சேமியா பாயசம் அவுட். குலாப் ஜாமூன் அவுட். மிச்சம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், தயிர். எல்லாம் அரிசி, பருப்பு. நம்ம ஊர்ச் சாப்பாட்டில் கோதுமைக்கு என்ன வேலை? இப்படித்தான் வருகிறவர், போகிறவரிடமெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன்.

“அதிகமா பேசாதீங்க. எனக்கு பயமா கீது” என்றாள் என் மனைவி கோமதி.

நிச்சயத்தன்று பந்தி விசாரித்தேன். பெண்ணைப் பெற்றவன் இலை இலையாக நின்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அதுவே பேச்சாகிவிடும். பவித்ரா இலையில் வெறும் சோறும் தயிரும் மட்டும் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பரிமாறியவரிடமிருந்து ரச வாளியை வாங்கிக்கொண்டேன்.

“ரசம் ஊத்திக்கம்மா. உனக்கோசரம் பார்த்துப் பார்த்துப் பண்ணது. கோதுமைய கிட்டயே சேக்கல.”

அவள் என்னைப் பார்த்தாள். பக்கத்து இலையில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். “ஊத்துங்க மாமா” என்றாள்.

ஊற்றினேன். சாப்பிடும்வரை நின்றேன். இன்னொரு கரண்டியும் ஊற்றினேன்!

மறுநாள் காலை போன். வாந்தி, வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறதாம். சம்பந்தியம்மாவின் குரலில் கோபமே இல்லை. “ரசத்துல பெருங்காயம் போட்டீங்களாங்க?” என்று மட்டும் கேட்டார்.

ரசத்தில் பெருங்காயம் போடாமல் இருப்பார்களா? அதன் பிறகுதான் அந்த டப்பாவைத் தேடி எடுத்தேன். கட்டிப்படாமல் இருக்க மாவு கலக்கிறார்களாம். என் லிஸ்ட்டில் அது இல்லை. எப்படி இருக்கும்?

மூன்றாம் நாள், வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு இருவரும் செய்யாறு போனோம். பஸ் ஏறுவதற்கு முன் பழக்க தோஷத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிவிட்டேன். கோமதி அதைப் பிடுங்கினாள். “ஒருவாட்டி பண்ணது பத்தலியா உங்களுக்கு?” ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டோம்.

போன இடத்தில் இன்னொரு குண்டு காத்திருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். “மொத முடிச்சு மாப்ள போட்டா, மத்த ரெண்டும் நாத்தனார் போடணும். ராத்திரி ரிசப்ஷன்ல எதையாவது துன்னுட்டு காலைல இவ படுத்துகினா, முகூர்த்தத்துல யாரு நிப்பா? பேசாம சித்தப்பன் பொண்ண நிக்க வைங்க. எதுக்கு இந்த பேஜாரு?”

பவித்ரா ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். உரித்து முடித்தும் சாப்பிடவில்லை. ஒரே அண்ணன் கல்யாணம். அவளுடைய முடிச்சை, என் ரசம் பறிக்கப் பார்த்தது.

பெரியம்மா எழுந்து உள்ளே போனதும் மன்னிப்புக் கேட்டேன். “தெரியாம பண்ணிட்டம்மா.”

“எனக்குத் தெரியும் மாமா” என்றாள்.

“என்னம்மா தெரியும்?”

“பெருங்காயத்துல மாவு இருக்கும்னு. அதான் ரசம் வாங்காம உக்காந்துகினு இருந்தேன்.”

“பின்ன ஏன்மா சாப்ட்ட?”

“நீங்க கரண்டியோட நின்னுகினு இருந்தீங்க. அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. பொண்ணு வீட்டுல போட்டத வேணாம்னுட்டா நாத்தனார் திமிரும்பாங்க. நித்யா அண்ணிக்கும் கஷ்டமா இருக்கும். ஒரு கரண்டிதானே, சமாளிச்சுடலாம்னு பார்த்தேன்... நீங்க ரெண்டா ஊத்திட்டீங்க.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்தேன். நம் விருந்தோம்பலில் பாதி அன்பு, பாதி மிரட்டல். ‘இன்னும் கொஞ்சம்’, ‘என் கையால ஒண்ணே ஒண்ணு’, ‘வேணாம்னா கோச்சுக்குவேன்’... எத்தனை சர்க்கரைக்காரர்கள் இலையில் லட்டை வைத்திருப்பேன்? அவர்களும் எனக்காகத்தானே விழுங்கியிருப்பார்கள்?

நித்யா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “பவித்ராதான் முடிச்சு போடணும். அவ சாப்பிடற சாப்பாட்டுக்கு நீதான்பா பொறுப்பு.”

போன ஞாயிற்றுக்கிழமை சமையல் மாஸ்டரை வீட்டுக்கு வரவழைத்து ருசி பார்க்க ஏற்பாடு செய்தோம். பவித்ராவும் அவள் அம்மாவும் வந்தார்கள். பவித்ராவுக்கு மட்டும் தனி அடுப்பு, தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. பெருங்காயமே இல்லாத பூண்டு ரசம். அரிசிமாவு இடியாப்பம், தேங்காய்ப்பால், பால் பாயசம். மாஸ்டர் முதலில் முறைத்தார். “முப்பது வருசமா பந்தி போட்டுகினு கீறேன் சார், பெருங்காயம் இல்லாத ரசத்த இப்பதான் பார்க்கறேன்.” ஆனால் பொறுப்பாகச் செய்தார்.

எல்லாம் நல்லபடியாகப் போனது. கடைசியாக மாஸ்டர் ஒரு தட்டு நிறைய மெதுவடை கொண்டுவந்தார். சுடச்சுட, பொன்னிறமாக. உளுந்துதானே! என் கை தானாக நீண்டது. ஒன்றை எடுத்து அவள் இலைக்கு மேலே கொண்டுபோய்விட்டேன்.

“மாஸ்டர், இது எந்த எண்ணெய்ல போட்டது?” என்று பவித்ரா கேட்டாள்.

“காலைல மங்களூர் போண்டா போட்ட எண்ணெதாம்மா. ஃபர்ஸ்ட் கிளாஸா கீது.”

மங்களூர் போண்டா. மைதா மாவு. வடை என் கையிலேயே நின்றது. இத்தனை படித்து, இத்தனை லிஸ்ட் போட்டு... மறுபடியும் நான்தானா? சம்பந்தியம்மா, கோமதி, நித்யா எல்லோரும் எங்கள் இருவரையும் பார்க்கிறார்கள்.

பவித்ரா இலையின் மேல் கையை நீட்டி மறைத்தாள்.

“வேணாம் மாமா” என்றாள். சத்தமாக, எல்லோர் முன்னாலும்.

கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மண்டபத்தில் எத்தனை சட்டி, எத்தனை எண்ணெய், எத்தனை கரண்டியோ... நினைத்தால் இப்போதும் புது லிஸ்ட் போட உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் அன்றைக்கு அந்த வடையை நானே வாயில் போட்டுக்கொண்டு, நிம்மதியாக மென்றேன்.