அம்புரோஸ் போட்ட கயிறு

ராயபுரத்து அம்புரோஸ் மீசை முளைத்த நாளிலிருந்து மீன்பிடி லாஞ்சு ஓட்டுகிறவர். குடிப்பார், கோயிலுக்கு ஒழுங்காகப் போகமாட்டார், மனைவி எல்சியிடம் இரண்டுக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. எஞ்சின் நின்றுபோன படகு கம்பில் துணி கட்டிக் காட்டினால், கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துவந்துவிடுவார். யார், எந்த ஊர் என்று கேட்கிற வழக்கமே கடலில் இல்லை.

இலங்கையில் ஜனம் பால்மாவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்ற வருஷம் அது. எண்ணூருக்குக் கிழக்கே, வெகுதூரத்தில் ஒரு பைபர் படகில் சேலை பறந்தது. அம்புரோஸ் கயிறு போட்டார். படகில் மூன்று பேர். அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் கொதித்தது. லாஞ்சில் கூட வேலை பார்க்கும் வேம்புவும் அவரும் அவளைத் தங்கள் பக்கம் தூக்கிக் கஞ்சி கொடுத்தார்கள். பெயர் பச்சையம்மா என்றாள்.

"இன்னாம்மா, எங்க பக்கத்து வூட்லயே ஒரு பச்சையம்மா கீது" என்றார் அம்புரோஸ்.

"எங்க பூட்டன் ஆர்க்காட்டுக்காரருங்க. வெள்ளக்காரன்தான் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போனானாம்."

கரை சேர்ந்ததும் போலீசுக்கு அம்புரோஸே ஆள் அனுப்பினார். ஒரு பொன்னாடையாவது போடுவார்கள் என்று நினைத்தார், பாவம். போட்டது வழக்கு. பாஸ்போர்ட், விசா என்று எந்தச் சீட்டும் இல்லாத வெளிநாட்டாரை ஏற்றிவந்தால் ஏற்றிவந்தவன் மேலும் குற்றம் என்று லாஞ்சைப் பிடித்து வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பூட்டனைக் கப்பலேற்றியபோது அவன் யாரிடமும் சீட்டுக் கேட்கவில்லை. கொள்ளுப்பேத்தி திரும்பி வந்தபோது அவன் எழுதிவைத்துப் போன சட்டம் கேட்டது.

"போலீஸ்கிட்ட சொன்னது செல்லாது. கோர்ட்டுல கயிறு பேச்சே எடுக்காதீங்க. அவங்களா வந்தாங்க, நான் தூரத்துல பார்த்தேன், அவ்வளவுதான்" என்றார் வக்கீல்.

அந்த மூன்று பேரும் தத்தளித்துக் காப்பாற்றப்பட்டவர்கள் என்றால் அகதி முகாம், திருட்டுத்தனமாக வந்தவர்கள் என்றால் ஜெயில். அதற்குச் சாட்சி அம்புரோஸ்தான். அது அவருக்கும் தெரியும். ஆனால் லாஞ்சு இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது. கோர்ட்டில் வக்கீல் சொன்னதையே சொன்னார்.

பச்சையம்மாவைக் கேட்டார்கள். "இவரா உங்களை இழுத்துவந்தது?"

அவள் அம்புரோஸைப் பார்த்தாள். கோபமில்லை.

"இல்லைங்க. நாங்களாத்தான் வந்தோம்."

லாஞ்சு வந்தது. பச்சையம்மா ஜெயிலுக்குப் போனாள். அம்புரோஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

சில மாதம் கழித்து, கடலில் வேம்பு கை நீட்டினான். "அண்ணே, அங்க துணி கட்டிகினு கீறாங்க."

அம்புரோஸ் லாஞ்சைத் திருப்பிப் பக்கத்தில் கொண்டுபோனார். எதிர்வெயிலில் முகம் தெரியவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் எடுத்தவர் வீசவில்லை.

"எந்த ஊரு நீங்க?" என்று குரல் கொடுத்தார்.

வேம்பு அவரையே பார்த்தான். அந்தப் படகிலிருந்து பதில் வந்தது.

"காசிமேட்டு ஜெரால்டுடா. இன்னா அம்புரோஸு, எப்பலேர்ந்து இதெல்லாம் கேக்குற?"

அம்புரோஸ் கயிற்றை வீசினார். கரை வரும்வரை அந்தப் படகைத் திரும்பிப் பார்க்கவில்லை.