குடும்பப் பெயர் இல்லாத ஆள்

பிள்ளைகளே, ஈப்போவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஒவ்வொரு கட்டிலிருந்தும் சிலதை எடுத்துத் தண்ணீர் நிரப்பித் தொங்கவிடுவோம். ஒழுகினால் அந்தக் கட்டு வெளியே போகாது. அத்தனையையும் நிரப்பிப் பார்க்க முடியாது. நனைந்ததை எப்படி விற்பது?

கடற்கரை ஊரான லூமுட்டுக்குப் போக இணையத்தில் பஸ் டிக்கெட் எடுத்தேன். குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது அது? என் அப்பா பெயரைப் போட்டேன். பஸ்ஸில் டிக்கெட் பார்த்தவர், இறந்துபோன அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். கூட வந்த என் மகள், "தாத்தாவும் லூமுட் பாக்கட்டும் லா," என்றாள். ஆனால் அந்தப் பெயர் விஷயத்தை அவள் விடவில்லை.

அவள் கணினி நிரல் எழுதுகிறவள். இப்படி டிக்கெட் விற்கும் தளங்களுக்காக, பெயர்களைச் சொந்தப் பெயர், குடும்பப் பெயர் என்று பிரித்து எழுதும் நிரல் ஒன்று இருக்கிறதாம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம். ஆனால் திருத்தியது எல்லாச் சோதனையிலும் தேற வேண்டும். வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் அவள் அதில் ஒரு திருத்தம் எழுதினாள். நிரலின் புதிய பதிப்பு அன்று மாலை வெளியாக இருந்தது. தேறாவிட்டால் அவள் திருத்தம் அதில் சேராது.

காப்பியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அனுப்பியதும் எங்கோ உள்ள கணினிகள் தாமாகவே சோதிக்க ஆரம்பித்தன. தேறியதெல்லாம் பச்சை, பச்சை, பச்சை. எங்களைப் போல் சிலதை மட்டும் எடுத்துப் பார்ப்பதல்ல, ஒன்றுகூட விடாமல். நான் காப்பியை மறந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் சிவப்பு.

"என்னம்மா ஆச்சு?"

"குடும்பப் பேரு கட்டம் காலியா இருந்தா அப்பா பேரப் போடுன்னு எழுதிட்டேன்ப்பா. சோதனைக்கு வச்சிருக்கிற பேருங்கள்ல பர்மாக்கார அம்மா ஒருத்தவங்களுக்கு ஒரே பேருதான். அவங்களுக்கு எந்தப் பேரப் போடுறது?"

"பஸ்ல நான் செஞ்ச அதே தப்பு. அந்த அம்மா பேர யாரு அதுல வச்சது?"

"யாரோ. ரொம்ப வருசத்துக்கு முந்தி வச்சிருக்காங்க. ஒவ்வொரு தடவையும் அது காவல் நிக்குது."

முகம் தெரியாத ஒருவர் எப்போதோ எழுதிய ஒரு வரி, என் மகள் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தது. அவள் தன் வரியை அழித்தாள். காலியான கட்டம் காலியாகவே இருக்கட்டும் என்று மாற்றி எழுதினாள். கீழே சோதனைக்கு இன்னொரு பெயரையும் சேர்த்தாள். என் பெயர்.

மறுபடி அனுப்பினாள். நான் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தேன். முழுக்கப் பச்சை.

"இனிமே எந்தப் பதிப்பும் வெளிய போறதுக்கு முந்தி உங்களையும் கேட்டுட்டுத்தான்ப்பா போகும்."

ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் பிறந்தவன் நான். இப்போது அந்தப் பர்மாக்கார அம்மாவுக்கு அடுத்த வரியில் காவல் நிற்கிறேன்.